கீபோர்டு பேட்டரியில் ஓடவில்லையா? செல் பெட்டியை நீங்களே சரிசெய்யலாம்

அடாப்டர் போட்டால் இசைக் கீபோர்டு நன்றாக ஒலிக்கிறது. ஆறு புது செல் போட்டும் பேட்டரியில் உயிர் வரவில்லை. அல்லது விளக்கு எரிகிறது, நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தியதும் அணைந்துவிடுகிறது. இதற்காகக் கீபோர்டையே தூக்கிப் போடாதீர்கள். அடாப்டரில் ஓடினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பிழைத்திருக்கிறது. கோளாறு பெரும்பாலும் செல் பெட்டியில்தான்.

தேவையானவை: மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), வினிகர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், நைஸ் எமரி தாள், கையுறை. மீட்டர் விலை குறைந்ததே போதும், ஆனால் அது இல்லாமல் இறங்காதீர்கள். எண்ணெய் ஸ்பிரே எதுவும் வேண்டாம். பிசுக்கு தங்கி அழுக்கைப் பிடிக்கும்.

1. எங்கே வோல்ட் தொலைகிறது?

பலரும் தவறவிடும் இடம் இதுதான். கீபோர்டை அணைத்து வைத்து அளந்தால், துருப்பிடித்த பெட்டியும் 9 வோல்ட் காட்டும். கரண்ட் ஓடாதபோது துருவின் தடை மீட்டருக்குத் தெரியாது. அதனால் கீபோர்டை ஆன் செய்து, சத்தத்தைக் கூட்டி, யாரையாவது சில கட்டைகளை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஒரு செல்லின் மைனஸ் முனையிலும் அதோடு இணைந்த அடுத்த செல்லின் பிளஸ் முனையிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த ஸ்பிரிங்தான் குற்றவாளி. இப்படி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் ஸ்பிரிங்கும் இதில் மாட்டும்.

2. சுத்தம்

அடாப்டரையும் செல்களையும் எடுத்துவிடுங்கள். அல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தோலைப் புண்ணாக்கும், கண்ணில் படவே கூடாது. காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாக நிற்கும். காரம் என்பதால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் கரையும். சாதாரண கார்பன் செல் கசிவு அமிலத் தன்மை கொண்டது. அதற்கு வினிகர் வேண்டாம், சமையல் சோடாவைக் குழைத்துத் தேயுங்கள். பிறகு ஈரத் துணி, கடைசியாக ஆல்கஹால். காய்ந்ததும் எமரியால் லேசாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய், உள்ளே இருக்கும் இரும்பு மறுபடி துருப்பிடிக்கும்.

3. ஸ்பிரிங் மாற்றுதல்

அரித்துப்போன ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டும். அலுமினியத் தாளை மடித்துச் செருகாதீர்கள். நகர்ந்தால் ஷார்ட் ஆகும். புது ஸ்பிரிங்கைச் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம், பழைய பொம்மையிலிருந்தும் கழற்றலாம். ஸ்பிரிங் இருக்கும் தகட்டைப் பெட்டியிலிருந்து உருவி வெளியே எடுத்த பிறகே சால்டர் செய்யுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகி ஸ்பிரிங் சாய்ந்துவிடும். ஈயம் ஒட்டாவிட்டால் அந்த இடத்தை எமரியால் சுரண்டி ஃப்ளக்ஸ் தடவுங்கள். சிவப்பு, கறுப்பு வயர் எந்தப் பக்கம் என்று முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: வயரில் ஈயம் ஒட்டவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கசிவு வயரின் உறைக்குள்ளும் ஊர்ந்து போகும். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். தெரியவே இல்லையென்றால் வயரையே மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: பெட்டி சரியாகியும் பேட்டரியில் ஓடவில்லையா? அடாப்டர் ஜாக்கைப் பாருங்கள். பல கீபோர்டுகளில் ஜாக்குக்குள்ளேயே ஒரு சுவிட்ச் உண்டு. அடாப்டர் பின்னைச் செருகினால் அது பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும். செல்களை எடுத்துவிட்டு, மீட்டரை பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து ஜாக்கின் கால்களைச் சோதியுங்கள். பின் இல்லாதபோது இரண்டு கால்களுக்கு இடையே பீப் வர வேண்டும், செருகினால் நிற்க வேண்டும். பீப்பே வராவிட்டால் ஜாக்கை மாற்றுங்கள். அந்த இரண்டு காலையும் வயரால் இணைத்துவிடாதீர்கள்: அடாப்டர் கரண்ட் செல்களுக்குள் பாய்ந்து, அவை சூடாகி மறுபடி கசியும், வெடிக்கவும் கூடும்.

சரிசெய்யும்வரை கிடைத்த அடாப்டரைச் செருகலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வோல்ட் பொருந்தினால் மட்டும் போதாது. கேசியோவின் பழைய ஏடி-5 அடாப்டருக்குப் பின்னின் நடுவில் மைனஸ், யமஹாவின் பிஏ-3 அடாப்டருக்கு நடுவில் பிளஸ். ஜாக்கின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்த பிறகே செருகுங்கள்.