மூன்றாம் தரத்துக்கு ஒரு வருடம்: ஊர்க் காலத்தோடு வகுப்பை நடத்துவது எப்படி

டிசம்பர் விடுமுறையில் அடுத்த வருடத்துத் திட்டம் எழுத உட்காரும்போது ஆசிரியர் வழிகாட்டியை முதலில் திறக்காதீர்கள். ஒரு நாட்காட்டியை எடுத்து, உங்கள் ஊரில் எந்த மாதம் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். பொங்கல், பட்டம், பனங்கிழங்கு, இல்ல விளையாட்டுப் போட்டி, சித்திரைப் புத்தாண்டு, மாம்பழம், ஆடிப்பிறப்பு, நல்லூர்க் கொடியேற்றம், பனம்பழம், வாணி விழா, மாரி மழை, ஒளி விழா. ஊர்க் கோயில் திருவிழாவையும் போடுங்கள். அதற்குப் பிறகு வழிகாட்டியைத் திறந்து, எந்தத் தேர்ச்சி (பிள்ளை அடைய வேண்டிய திறன்) எந்த மாதத்தோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் தரம் 3 (மூன்றாம் வகுப்பு) படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனத்தோடு வரும் ரீச்சர்மாரும் சேர்மாரும் ஒரு வருடத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கும்போது நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பனங்கிழங்கு தெரியும், சந்தை தெரியும், கிணறு தெரியும். தெரிந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணவும் அளக்கவும் எழுதவும் பழகும்போது பிள்ளைக்குப் புதிதாக வருவது ஒன்றுதான்: எழுத்து, அல்லது கணக்கு. தெரியாத பொருளையும் தெரியாத கணக்கையும் ஒன்றாகக் கொடுத்தால் பாதி வகுப்பு விலகிப்போய்விடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு கல்வியாண்டு தள்ளிப்போனது, 2022இல் ஏப்ரலில்தான் புதிய வகுப்பு தொடங்கியது. தவணையை வைத்துப் போட்ட திட்டங்கள் அப்போது குழம்பின. பனம்பழம் அந்த வருடமும் ஆவணியில்தான் விழுந்தது.

வகுப்புப் புத்தகம்

வருடம் முழுவதையும் கட்டி வைத்திருப்பது இந்த ஒரு வேலைதான். மற்றதெல்லாம் கூடக்குறையப் போனாலும் இதை விடாதீர்கள்.

பெரிய சி.ஆர். கொப்பி (குறிப்பேடு) ஒன்று வாங்கி உறை போடுங்கள். ஒவ்வொரு நாளும் கடைசிப் பாடவேளையில் ஒரு பிள்ளை எழுந்து அன்றைக்கு நடந்த ஒன்றை இரண்டு வசனத்தில் சொல்ல வேண்டும். வீட்டில் நடந்ததாக இருக்கலாம், வகுப்பில் நடந்ததாகவும் இருக்கலாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையின் இடப்பக்கம் எழுதுங்கள். "நாங்கள் பட்டம் ஏத்தினனாங்கள். வாடைக்கு நல்லா ஏறினது." பிறகு வகுப்பைப் பார்த்து, "இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகளே சொல்வார்கள். "நாங்கள் பட்டம் ஏற்றினோம். வாடைக் காற்றில் அது நன்றாக ஏறியது." அதை வலப்பக்கம் எழுதி, சொன்ன பிள்ளையே இரண்டு பக்கத்தையும் கொப்பியில் பார்த்து எழுதிக் கீழே ஒரு சின்னப் படமும் கீற வேண்டும்.

இடப்பக்கத்தை அழிக்கக் கூடாது. பிழை என்றும் சொல்லக் கூடாது. அது அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சு, அம்மாவும் அம்மம்மாவும் பேசுவது. அதைப் பிழை என்று சொன்னால் அடுத்த நாள் பிள்ளை வாய் திறக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏத்து, ஏற்று என்பதில் றகரம் எங்கே வருகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். நிண்டது, நின்றது. காச்சினவ, காய்ச்சினார். சில மாதம் போனால் இடப்பக்கமும் வலப்பக்கமும் நெருங்கி வருவது கண்ணுக்குத் தெரியும்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்தக் கொப்பிதான் முதல் வாசிப்புப் புத்தகம். தான் சொன்ன வசனம் என்பதால் எழுத்துக்கூட்டத் திணறினாலும் கருத்து கையை விட்டுப் போகாது. கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் எல்லாம் குழம்பும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை ஒருநாளும் புதுப் பாடத்தை வகுப்பின் முன்னால் வாசிக்க விடாதீர்கள். சொந்தப் பக்கத்தை முதலில் உங்களோடு தனியே வாசிக்கட்டும், பிறகு நண்பனுக்கு, அதற்குப் பிறகு வகுப்புக்கு.

முதலாம் தவணை

முதல் கிழமையில் வீட்டுக்குப் போகும் பாதையைக் கீறச் சொல்லுங்கள். ஒழுங்கை, சந்தி, கோயில், கடை, மதகு, வேலியோர வேம்பு. எங்களூர்ப் பிள்ளைகள் வடக்கு வேலி, தெற்கு வளவு என்று கேட்டு வளர்ந்தவர்கள், ஆகவே திசை சொல்லிக்கொடுப்பது கடினமில்லை. மைதானத்தில் நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தை மாதத்தில் வாடை. அதே இடத்தில் வைகாசியில் நின்றால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து புழுதியோடு வரும். இரண்டையும் வகுப்புப் புத்தகத்தில் குறித்துவைத்தால் பருவக்காற்று என்ற பாடத்தில் பாதி முடிந்துவிட்டது.

பட்டம் கட்டுவது ஒரு முழுக் கிழமைக்கு வேலை தரும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரிய பட்டங்களைப் பிள்ளைகள் நேரிலோ கைபேசியிலோ பார்த்திருப்பார்கள். வகுப்பில் சாதாரண வால் பட்டம் போதும். ஈர்க்கு, டிமைத்தாள், பசை, நூல். ஈர்க்கைச் சரி நடுவில் மடித்துப் பார்ப்பது, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று சென்ரிமீற்றரில் அளப்பது, வால் நீளத்தைக் கூட்டிக் குறைத்து ஏற்றிப் பார்ப்பது என்று சமச்சீரும் அளவீடும் அதற்குள் வந்துவிடும். மின்கம்பி இல்லாத திறந்த இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

பொங்கலைப் பாடசாலையில் பொங்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து வேடிக்கை காட்டுவதோடு விட்டுவிட வேண்டாம். முதலில் என்ன போட்டார்கள், பிறகு என்ன, கடைசியில் என்ன என்று ஒழுங்காகச் சொல்லவும் எழுதவும் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

விளையாட்டுப் போட்டிப் பயிற்சி தொடங்கினால் காலைப் பாடவேளைகள் போய்விடும். அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஓடுபாதையை அளக்க விடுங்கள், முதலாம் இரண்டாம் மூன்றாம் இடங்களையும் இல்லப் புள்ளிகளையும் ஒரு தாளில் கூட்டட்டும்.

இரண்டாம் தவணையில் சந்தை

வகுப்பறைச் சந்தை எல்லாப் பாடசாலையிலும் நடக்கிறது. பெரும்பாலும் பெற்றோர் விற்று, பெற்றோர் வாங்கி, பிள்ளைகள் படத்துக்கு நிற்பதோடு முடிந்துவிடுகிறது. அதைப் பிள்ளைகளின் சந்தையாக நடத்த விரும்பினால் முதலில் உண்மையான சந்தைக்குக் கூட்டிப்போங்கள். எங்களுக்கு மருதனார்மடம் சந்தை கிட்ட, உங்களுக்குத் திருநெல்வேலியோ சுன்னாகமோ சாவகச்சேரியோ இருக்கும். அதிபரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் முன்கூட்டியே வேண்டும். கூட வர மூன்று நான்கு தாய்மாரைக் கேளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வி மட்டும் கொடுங்கள். எவை நிறுத்து விற்கப்படுகின்றன? எவை எண்ணி விற்கப்படுகின்றன? எவை கட்டாக, சீப்பாக, கூறாக விற்கப்படுகின்றன? கீரை கட்டு, வாழைப்பழம் சிலரிடம் சீப்பு சிலரிடம் கிலோ, தேங்காய் எண்ணிக்கை, சின்ன வெங்காயம் நிறை. இந்த அட்டவணையைப் பிள்ளைகள் திரும்பி வந்து தாங்களே போடுவார்கள்.

மிச்சக் காசு கொடுக்கும் முறையைக் கட்டாயம் கவனிக்கச் சொல்லுங்கள். 65 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்த் தாள் கொடுத்தால் சந்தையில் இருக்கும் அம்மா 100இல் இருந்து 65ஐக் கழிப்பதில்லை. ஐந்து ரூபாயை வைத்து "எழுபது" என்பார், பிறகு இருபதை வைத்துத் "தொண்ணூறு", பத்தை வைத்து "நூறு". மிச்சம் 35 கையில் வந்துவிட்டது. கடன் வாங்கிக் கழிப்பதில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் இந்த முறையை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு கொப்பியில் கழித்தலைச் செய்து, இரண்டு விடையும் ஒன்றுதான் என்று காட்டுங்கள்.

வகுப்புச் சந்தைக்குச் சில விதிகள் வேண்டும். பொருள் வீட்டு வளவில் இருந்து வரட்டும்: முருங்கையிலை, கறிவேப்பிலை, தேசிக்காய், நாலு மாம்பழம். கடையில் வாங்கிக் கொண்டுவரக் கூடாது, இல்லாவிட்டால் அது பெற்றோரின் போட்டியாகிவிடும். வளவில்லாத பிள்ளையும் காசு கஷ்டமுள்ள பிள்ளையும் எப்போதும் இருப்பார்கள். ஆகவே ஒரு கடைக்கு மூன்று பிள்ளைகள் என்று சேர்த்து, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பது வெளியே தெரியாதபடி நீங்களே பொருட்களைக் கலந்து வைத்துவிடுங்கள். எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது, இதற்கு நான் எவ்வளவு நேரமும் செலவழிப்பேன். வரும் காசை என்ன செய்வது என்று சந்தைக்கு முன்னரே வகுப்பில் பேசி முடிவெடுங்கள். எங்கள் வகுப்பில் வாசிப்பு மூலைக்குக் கதைப் புத்தகம் வாங்குவது வழக்கம்.

ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் கொடுப்பதானால் ஒவ்வாமை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். சில வருடம் விடுமுறைக்குள் வரும், சில வருடம் பாடசாலை நாட்களில் வரும். அப்போது பிள்ளைகள் இரவு பிந்திப் படுத்துக் கண் சொக்கி வருவார்கள், புதுக் கணக்குத் தொடங்க வேண்டாம். எத்தனையாம் நாள் திருவிழா, தேருக்கு இன்னும் எத்தனை நாள் (தேர் 24ஆம் நாள்), எந்த வாகனம் என்று கீறவும் எண்ணவும் விடுங்கள். வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ இருந்தால் அவர்களின் பெருநாளுக்கும் அதே இடமும் அதே அளவு நேரமும் கொடுங்கள். ஒரு பிள்ளை மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாம் தவணை: பனங்கொட்டையும் கிணறும்

பனம்பழம் விழும் காலத்தில் கொட்டைகளைச் சேர்த்து, பாடசாலை வளவின் ஓரத்தில் மணல் பாங்கான பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடுங்கள். எத்தனை வைத்தோம், எந்தத் திகதி என்று வகுப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். கிழங்கு கிளற எப்படியும் தைப்பொங்கல் ஆகும். அப்போது அந்தப் பிள்ளைகள் தரம் 4இல் இருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்னரே, புரட்டாசியில், கிணற்றை அளக்கத் தொடங்க வேண்டும். நூலில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் மண் நிரப்பிய சின்னப் போத்தலைக் கட்டுங்கள். ஒவ்வொரு திங்களும் நீங்களே, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கிணற்றுக் கட்டில் இருந்து நீர்மட்டம் வரை இறக்கி எடுங்கள். பிள்ளைகள் தள்ளிப் போட்ட கோட்டுக்கு அப்பால் நின்று நூலை வாங்கி முடிச்சை எண்ணட்டும். பிள்ளை கிணற்றுக் கட்டுக்குக் கிட்டவும் வரக்கூடாது.

மழை பெய்யப் பெய்ய எண் குறைந்துகொண்டு போகும். தண்ணீர் கூடுகிறது, எண் ஏன் குறைகிறது? இதைப் பிள்ளைகளே வாதிடட்டும், விடையைச் சொல்லிவிடாதீர்கள். கூடவே ஒரு மழைமானி செய்யுங்கள். பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிப் புனல்போலக் கவிழ்த்து வைத்து, வளைந்த அடிப்பகுதியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டு நிரப்பி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து மேலே மில்லிமீற்றர் அடிமட்டத்தை ஒட்டினால் சரி. இரண்டு அளவையும் நிரல் வரைபாகச் சுவரில் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராக மிதந்து நின்று எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. கூடுதலாக இறைத்தால் உவர் ஏறும். எட்டு வயதில் இதை ஒரு பிள்ளை தன் கையால் அளந்து தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விடயம் என்று நான் உண்மையிலேயே நம்புகிறேன். கூட்டங்களில் நாங்கள் பெரியவர்கள் பேசுவதை அவர்கள் அளந்து வைத்திருப்பார்கள்.

மழை தொடங்கினால் வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் தேடி வளவைச் சுற்றுங்கள். நுளம்பு முட்டையில் இருந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள் எடுக்கும், கிழமைக்கு ஒருமுறை என்று வைப்பது அதனால்தான்.

வாணி விழாவில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வரியாவது மேடையில் இருக்கட்டும். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் தனி வேலையாக்காமல், அன்றைக்குக் கையில் இருக்கும் பொருளின் பெயரை அந்த இரண்டு மொழியிலும் சொல்லவைத்தால் தரம் 3க்குப் போதும்.

பெற்றோரிடம்

"ரீச்சர், புலமைப்பரிசிலுக்கு இப்பவே ரியூசன் போடட்டோ?" என்று, தரம் 5இல் வரும் பரீட்சைக்குத் தரம் 3இலேயே கேட்பார்கள். அவர்களோடு கோபிக்க வேண்டாம், பயத்தில் கேட்கிறார்கள். தை மாதத்தில் பிள்ளை எழுதிய பக்கத்தையும் ஆடி மாதத்தில் எழுதியதையும் வகுப்புப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் திறந்து காட்டுங்கள். அத்தியாவசிய கற்றல் தேர்ச்சிகளில் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். வராததற்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். பிள்ளை கடைக்குப் போய் மிச்சக் காசைச் சரிபார்த்து வரட்டும், அல்லது அப்பப்பாவுக்குப் பத்திரிகைத் தலைப்பை வாசித்துக் காட்டட்டும். மாலையில் விளையாடும் நேரத்தை எடுத்துவிட வேண்டாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டும்.

டிசம்பரில் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வரி எழுதித் தரம் 4 ரீச்சரிடம் கொடுங்கள். புள்ளிகள் அவருக்கு எப்படியும் கிடைக்கும். யாருக்கு எதில் விருப்பம், யார் சத்தமாகப் பேசினால் ஒடுங்கிப்போவார், யாருக்குக் கண் சோதிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொடுக்கும்போதே தை மாதத்தில் பாத்தி கிளறும் நாளுக்கு அந்தப் பிள்ளைகளை ஒரு பாடவேளை விடும்படி கேட்டு, அவருடைய நாட்காட்டியிலும் எழுதுவித்துவிடுங்கள். நட்டவர்களும் புது மூன்றாம் தரமும் சேர்ந்து எண்ணட்டும், எத்தனை கொட்டை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று.