நான்கு பக்கம் ஒன்றரையான கதை

கல்லூரி முதலாண்டு, கட்டுரைப் பயிற்சி வகுப்பு. 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 'இயற்கை அன்னையின் சீற்றம்' என்று தொடங்கி, 'மக்கள் பெரும் பாதிப்புக்கு உள்ளாக்கப்பட்டனர்' என்று நான்கு பக்கம் நிரப்பினேன். பள்ளியில் அதற்குத்தான் மதிப்பெண். பேராசிரியை ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "அன்று நீ எங்கே இருந்தாய்?"

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அறையில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டியது. மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, அங்கே வாக்கியத்தை உடைத்தேன். '-ப்பட்டது', '-ப்பட்டனர்' என்று முடிந்தவை 17. ஒவ்வொன்றிலும் செய்தது யார் என்று தேடினேன். பாதிக்கு மேல் எனக்கே தெரியவில்லை, அடித்துவிட்டேன். முதல் பத்தி முழுதும் போயிற்று. (அதைத்தான் நான் பிரமாதம் என்று நினைத்திருந்தேன்.)

மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். தொடக்கம் இப்படி: "டிசம்பர் 2 காலை, அடையாற்றுத் தண்ணீர் எங்கள் மாடியின் ஏழாவது படியில் நின்றது. அப்பா ஸ்கூட்டரை விட்டுவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்."

ஒற்றுப்பிழை மட்டும் இன்னும் தீரவில்லை. வல்லினம் மிகுமா மிகாதா என்று இன்றும் தோழியிடம்தான் கேட்கிறேன்.