மணிக்கட்டு வலி: தைலம் தேய்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தேயிலைக் கொழுந்து பறிக்கும் கை வலித்தால் தோட்டத்து லயத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "குளிருக்குத்தான், தைலம் போட்டு நல்லா உருவி விடு." நுவரெலியாக் குளிரில் விறைப்பு கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் காரணம் அநேகமாக வேறு. அதனால்தான் வெயில் வந்த பிறகும் வலி போவதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் வலிக்கிறது என்று பார்க்காமல் வைத்தியத்தைத் தொடங்குவதே முதல் தவறு.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்து, இரவில் தூக்கம் கலைந்து, கையை உதறினால் சற்றுச் சுகமாகிறதா? மணிக்கட்டின் உள்பக்கக் குழாயில் நடுநரம்பு நெரிபடுகிறது. இதற்கு உருவுவதால் பயனில்லை. துணிப் பட்டியை இறுக்கிச் சுற்றுவதும் தவறு: அது மணிக்கட்டை நேராக நிறுத்தாது, நெரிசலைத்தான் கூட்டும். தேவைப்படுவது மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைத்து, விரல்களை அசையவிடும் ஸ்பிளின்ட் என்ற தாங்கி. அதை இரவில் மட்டும், குறைந்தது 6 வாரம் போட வேண்டும். நான்கு நாள் போட்டுவிட்டு "சரிவரல்ல" என்று கழற்றி வைப்பவர்களே அதிகம். நீரிழிவு, தைரொய்ட் குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றிலும் இது வரும் என்பதால் இரத்தச் சீனியைப் பார்க்காமல் விடக்கூடாது.

இன்னொரு ஏமாற்றம் உண்டு. வலி குறைந்து, மரப்பு மட்டும் பகலிலும் நிலைத்துவிட்டால் பலர் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பெருவிரலின் அடிச்சதை மெலிந்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால் நரம்பு சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் ஸ்பிளின்ட் போதாது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம். சுண்டுவிரல் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையிலோ கழுத்திலோ இருக்கும். மணிக்கட்டுக்குப் பட்டி போட்டுப் பயனில்லை.

பெருவிரல் பக்கம் மணிக்கட்டின் ஓரத்தில் வலித்தால் அது பெரும்பாலும் நரம்பு அல்ல, தசைநாண் உறையின் வீக்கம். பெருவிரலை உள்ளே மடக்கி, கையைப் பொத்தி, சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். சுள்ளென்று இழுத்தால் அநேகமாக இதுதான். கிள்ளி முறுக்கும் கைகளுக்கும் பிள்ளை தூக்கும் தாய்மாருக்கும் அடிக்கடி வரும். சாதாரண மணிக்கட்டு ஸ்பிளின்ட் பெருவிரலை விட்டுவிடுவதால் இதற்கு உதவாது, பெருவிரலையும் சேர்த்துப் பிடிப்பது வேண்டும். அந்த இடத்தை அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். மொட்டைக் கவ்வாத்துக் கத்தியும் மழுங்கிய கத்தரியும் வலியை வளர்க்கும். தீட்டிய கத்தி, ரப்பரோ துணியோ சுற்றித் தடிப்பாக்கிய பிடி: இரண்டும் இருந்தால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு டைக்குளோபினாக் என்ற வலிக்குளிசை போடுவது வயிற்றுப்புண்ணுக்கு வழி. சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் இரண்டும் வேண்டாம், இரத்தக்கசிவு அபாயம். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை, பெரியவருக்கு ஒரு தடவைக்கு 2, நாளொன்றுக்கு 8க்கு மேல் கூடாது. பெயர் எழுதாத உறையில் தரும் குளிசைகளில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம்: வலி மாயமாய்ப் போகும், சீனியும் பிரஷரும் ஏறும்.

வழுக்கும் மலையில் கையூன்றி விழுந்தபின் பெருவிரல் அடியிலுள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறதென்றால், முதல் எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். அந்தக் குழிக்கு அடியிலுள்ள சிறு மணிக்கட்டு எலும்பான படகெலும்பின் முறிவு முதல் நாட்களில் தெரியாமல் போகும். கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்க வேண்டும். அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே வருவதால், கவனிக்காவிட்டால் மறுபாதி செத்துவிடும். எண்ணெய் போட்டு இழுத்து உருவும் கட்டு வைத்தியம் இங்கே ஆபத்து.

காலையில் இரு கைகளிலும் விரல்மூட்டுகள் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் வாத நோய்க் கிளினிக்குக்குப் போங்கள். முள் குத்தி விரல் வீங்கி, நிமிர்த்தினால் உயிர் போகிறதென்றாலும், கத்தி வெட்டியபின் விரலை மடக்க முடியவில்லை என்றாலும் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக்கூடாது. அன்றே டிக்கோயா, நுவரெலியா, பதுளை எது கிட்டவோ அந்த அரச வைத்தியசாலைக்கு.