வளைந்த அரக்குத் தட்டை நிமிர்த்தியது

கீழமாசி வீதிப் பக்கம் பழைய சாமான் கடையில் எடுத்த நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்கு கிராமபோன் தட்டு (நகைச்சுவைப் பதிவு), ஓரம் தூக்கிக் கிண்ணம் மாதிரி இருந்தது. முதலில் கழுவினேன்: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், மூன்று சொட்டு பாத்திர சோப்புத் திரவம், மென்மையான பிரஷ், ஒலி பதிந்த பள்ளத்தின் போக்கிலேயே. லேபிள் நனையக்கூடாது. ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் இரண்டு தடித்த கண்ணாடிக்கு நடுவே வைத்து மொட்டைமாடி வெயிலில் பத்து நிமிஷம். மதுரைச் சித்திரை வெயிலுக்கு அதுவே ஜாஸ்தி. பிறகு நிழலில், கண்ணாடியைப் பிரிக்காமல், மேலே இரண்டு செங்கல், ராத்திரி முழுக்க. சூட்டோடு பிரித்தால் பழையபடி வளையும். சூடேற்றாமல் அழுத்தினால் சடக்கென்று விரிசல்தான்.

அப்புறமும் இரைச்சலா? ஊசியைப் பாருங்கள். எல்.பி. (பின்னால் வந்த வினைல் தட்டு) ஊசி முனையின் ஆரம் சுமார் 18 முதல் 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). 78 சுற்றுத் தட்டுக்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும்.