'போய்' மிச்சமானால் மேலே தண்ணீர் கட்டி வையுங்கள்

சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்து ஹவாயில் செய்யும் 'போய்' மிச்சமாகிவிட்டால், ஈரக்கையால் கிண்ணத்தின் ஓரங்களைச் சுத்தமாக வழித்துவிட்டு, மேற்பரப்பைச் சமமாகத் தடவி, அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். கலக்க வேண்டாம்.

காற்றுப் பட்டால் மேலே தோல் போலக் காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு பிசைந்தாலும் அந்தக் கட்டிகள் கரையாது. தண்ணீர் அந்தக் காற்றைத் தடுக்கிறது. ஓரம் வழிப்பதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் முதலில் காயும். சாப்பிடும்போது மேல்தண்ணீரை வடித்துவிடலாம். ஒரே விரலில் வழித்தெடுக்கிற கெட்டியான பதம் வேண்டாம், மூன்று விரல் கூட்டி எடுக்கிற தளர்ந்த பதம்தான் வேண்டும் என்றால் தண்ணீரோடு சேர்த்தே பிசையுங்கள்.

வெளியில் வைத்தால் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் வேலை செய்து நாளுக்கு நாள் புளிப்பு ஏறும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, புளித்ததையே விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. பூசணம் படர்ந்தாலோ, இளஞ்சிவப்பாக மாறினாலோ மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களுக்கு இந்த வழி பாதிதான் உதவும். குளிரில் மாவுச்சத்து இறுகி ரப்பர் போலாகிவிடும். ஆவியில் சூடேற்றி, சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இளகும். தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாக இடித்த 'பாயி ஐ'க்கு இந்த முறையே கூடாது. அதை 'டி' (ti) என்ற செடியின் அகன்ற இலையில் (தேயிலை அல்ல) இறுக்கிச் சுற்றித்தான் வைக்க வேண்டும்.