மானாவாரி உழவுக்கு முன் மட்டம் பாருங்கள்

கடைசி உழவுக்கு முன், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை வைத்துச் சரிவின் குறுக்கே ஒரு சம உயரக் கோடு போட்டுவிடுங்கள். 10 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரே உயரத்தில் குறி வைத்த இரண்டு குச்சிகளில் கட்டினால் போதும். இரண்டு குறியிலும் தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்த்து, 8 மீட்டருக்கு ஒரு முளை அடித்துக்கொண்டே போகலாம். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்த முளை வரிசையை ஒட்டியே ஒன்பது கொத்துக் கலப்பை ஓடட்டும், விதைப்பும் அதே போக்கில். சரிவு மாறும் இடத்தில் புதுக்கோடு வேண்டும்.

சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் மேல்மண்தான் சத்து. மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு உழவுச்சாலும் வாய்க்காலாகி, ஒரே கனமழையில் அந்த மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். குறுக்குச் சாலில் தண்ணீர் தங்கி இறங்கும். நிலக்கடலைக்கு ஈரமும் கூடுதல் நாள் நிற்கும். கண் மட்டத்தை மட்டும் நம்பிக் கோணலாக உழுதால், தாழ்ந்த முனையில் தண்ணீர் சேர்ந்து உழவுச்சாலின் கரையை உடைத்து ஓடையாக்கிவிடும்.

சேர்வராயன் மலை அடிவாரம் போலச் சரிவு கடுமையான நிலத்தில் உழவு மட்டும் தாங்காது; வரப்போ கல்கட்டோ வேண்டும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் தண்ணீர் வடியச் சாலுக்கு லேசான வாட்டம் கொடுங்கள், இல்லையேல் வேர் அழுகும்.