குடில் வைக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஒவ்வொரு டிசம்பரிலும், புதிதாகக் கிறிஸ்துமஸ் குடில் வைக்கத் தொடங்கியவர்கள் எனக்குப் படம் அனுப்புவார்கள். நட்சத்திரம் சாய்ந்திருப்பது, பல்பு எரியாதது எல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் முதலில் பார்ப்பது, குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டியைத்தான்.

முதல் நாளே குழந்தையைக் கிடத்துவது

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் காத்திருப்பதற்குத்தான். முதல் வாரமே குழந்தை இயேசு தொட்டியில் இருந்தால், 24ஆம் தேதி இரவு வீட்டில் செய்ய என்ன மிச்சம்?

நானும் செய்தேன். குடிலுக்குப் புது சுரூபங்கள், அதாவது பொம்மைகள், வாங்கிய வருடம் அது. எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அழகு என்று மொத்தத்தையும் அடுக்கிவிட்டேன். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும், மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் குடிலுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டு மறுபடி வை என்றேன். "அவர்தான் ஏற்கெனவே பிறந்துட்டாரேப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் கடைக்குட்டிதான் குழந்தையை வைக்க வேண்டும். அடுத்த வருடம் அவள் தம்பி நடக்கத் தொடங்கியிருந்தான். அவளுக்கு இருந்த கடைசி முறையை நான் கெடுத்துவிட்டேன். இன்றும் யாராவது டிசம்பர் 1ஆம் தேதி நிறைந்த தொட்டியைப் படமெடுத்து அனுப்பினால் எனக்குப் பொறுக்காது.

வெறும் வைக்கோலோடு தொட்டி இருக்கட்டும். சுரூபத்தைப் பஞ்சில் சுற்றித் தனியாக வையுங்கள். வைத்த இடத்தை இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். அந்த இரவில் தேடக்கூடாது.

ஞானிகளையும் சேர்த்தே நிறுத்துவது

இடையர்கள் அன்றிரவே வந்தவர்கள். ஞானிகள் நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேடித் தூரத்திலிருந்து வந்தவர்கள். அறையின் மறுகோடியில் நிறுத்தி, தினம் கொஞ்சம் நகர்த்தினால் ஜனவரி 6, அவர்கள் குழந்தையைக் கண்டதை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குச் சரியாக வந்து சேர்வார்கள். ஒரு சுரூபம் உடைந்துபோனாலும் கவலை வேண்டாம். மூன்று பேர் என்று, அவர்கள் கதையைச் சொல்லும் மத்தேயு நற்செய்தியில் எங்கும் இல்லை.

பிள்ளைகளைத் தொடவிடாதது

1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலில் நிஜ மாடும் கழுதையும் நின்றன. மக்கள் கிட்டே வந்து பார்க்கத்தான் அதை வைத்தார். ஆட்டின் கால் உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம், விடுங்கள்.

வைக்கோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி

வேண்டவே வேண்டாம்.

26ஆம் தேதியே பிரித்துவிடுவது

கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீளும். அதற்குள் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஞானிகள் இன்னும் பாதி வழியில்தான் இருப்பார்கள்.